மடங்காத மோதிர விரல்

டிப்போவில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. விசிலக்கா என்றால்தான் தெரியும். வாரமெல்லாம் நகரப் பேருந்து ஓட்டுகிறவள், சனிக்கிழமை ஆனால் கறுப்பு அரைக்கால் சட்டையும் கழுத்தில் விசிலுமாக ரக்பி மைதானத்தில் போய் நிற்பாள். "ஹாரன் அடிச்சு ஜனங்களை விரட்டுறது போதலையாம்மா உனக்கு, விசில் வேறயா?" என்று டைம் கீப்பர் வாயைக் கிண்டுவார். "ஹாரனை யாரு சார் மதிக்கிறா? விசிலுக்காவது நிக்கிறாங்க" என்பாள் அவள்.

அவளும் ஒரு காலத்தில் ஆடியவள்தான். தோள் எலும்பு இரண்டாம் முறை முறிந்தபோது எலும்பு டாக்டர் பொறுமை இழந்துவிட்டார். "ஸ்டியரிங்கா பந்தா, வீட்ல உக்காந்து முடிவு பண்ணிட்டு வா. ரெண்டையும் பிடிக்க இந்தத் தோள் தாங்காது" என்றார். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் மைதானத்தை விட மனசு வரவில்லை. நடுவர் வேலைக்கு ஆள் கிடைக்காமல் நாயாய் அலைந்துகொண்டிருந்த சங்கத்துக்காரர்கள், இவள் வந்து நின்றதும் வேறெதையும் கேட்காமல் கையில் விசிலைக் கொடுத்துவிட்டார்கள். பிறகுதான் விதிகளைப் படிக்கச் சொன்னார்கள்.

படிக்கப் படிக்க ஒரு விதி அவளைப் பிடித்து ஆட்டியது. ரக்பியில் பந்தைக் கையால் கொடுப்பதென்றால் பின்பக்கமாகத்தான் கொடுக்கலாம். கையிலிருந்து நழுவியோ கையில் பட்டோ எதிரணியின் எல்லைப் பக்கம் போய்த் தரையில் விழுந்தால் அது நாக்-ஆன். விசில் ஊதி ஸ்க்ரம் வைக்க வேண்டும். இரண்டு பக்கத்துத் தடியன்களும் தோளோடு தோள் பூட்டிக்கொண்டு முட்டித் தள்ள, தவறு செய்யாத அணி பந்தை உள்ளே உருட்டும். கேட்க இவ்வளவுதான். "விழுந்தா எடுத்துக்கிட்டு ஓட வேண்டியதுதானே, இதுக்கு எதுக்குடி இவ்ளோ பஞ்சாயத்து?" என்று அம்மா கேட்டாள். பஞ்சாயத்து அதற்கப்புறம்தான் இருந்தது. பந்து வைத்திருப்பவன் கையிலிருந்து எதிராளி தட்டிப் பறித்து அது முன்னால் போனால் நாக்-ஆன் இல்லை. பாஸை மறிக்கக் கை நீட்டி, பந்து பட்டு விழுந்தால்? பிடிக்க நியாயமான வாய்ப்பு இருந்து, பிடிக்கப் போய்த் தவறியிருந்தால் வெறும் ஸ்க்ரம். வேண்டுமென்றே தட்டிவிட்டிருந்தால் பெனால்ட்டி. அந்தத் தட்டல் இல்லாவிட்டால் அநேகமாகப் பந்தைக் கடைசிக் கோட்டுக்கு அப்பால் தரையில் வைத்து ட்ரை எடுத்திருப்பார்கள் என்றால், பெனால்ட்டி ட்ரை என்று ஏழு புள்ளியைத் தூக்கி எதிரணிக்குக் கொடுத்துவிட வேண்டும். தட்டியவனுக்கு மஞ்சள் அட்டை, பத்து நிமிடம் வெளியே.

மற்ற விதிகளுக்கெல்லாம் கண் இருந்தால் போதும். இது ஒன்றுக்குத்தான் ஓடுகிறவனின் மனசுக்குள்ளும் எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. உள்ளங்கை மேலே பார்த்திருந்தால் பிடிக்கப் போனான், கீழே பார்த்திருந்தால் தட்டப் போனான் என்று நடுவர்கள் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். அந்தக் கணக்கை வைத்துத்தான் அவளும் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

அவளுடைய தம்பி நீல அணியில் இடது ஓரம் ஆடினான். பதினோராம் நம்பர். ஏசி மெக்கானிக். சுவரோடு சுவராய் ஏணியில் தொங்கி வேலை பார்த்துப் பழகியவன் என்பதால் உடம்பில் பயம் என்பதே கிடையாது. அவன் ஆடுகிற ஆட்டத்துக்கு அவளைப் போடுவதில்லை என்பது சங்கத்தில் எழுதாத சட்டம். அந்த வருஷ இறுதி ஆட்டத்தில் நீலமும் சிவப்பும் மோதுவதாக ஆனபோதும் அவளுக்குக் கிடைத்தது ஓரத்தில் கொடி பிடிக்கிற வேலை மட்டும்தான். நடுவர், பல் டாக்டர் ஒருவர். ஆட்டக்காரர்களின் பல்லைக் காப்பாற்றுகிறாரா, இல்லை மறுநாளைக்கு நோயாளிகளைச் சேர்க்கிறாரா என்று எல்லாரும் அவரைச் சீண்டுவார்கள்.

ஆட்டம் நடக்கிற வாரத்தில் ஒரு காலை, தம்பி கண்ணாடி முன்னால் நின்று சட்டைப் பட்டன் போட முடியாமல் திண்டாடுவதை அவள் பார்த்துவிட்டாள்.

"கையைக் காட்டு."

"ஒண்ணுமில்லக்கா. பிராக்டீஸ்ல ஒருத்தன் சட்டையைப் பிடிச்சேன், சுளுக்கிடுச்சு."

"மடக்கு பாப்போம்."

மடக்கினான். மற்ற விரல்கள் எல்லாம் மடங்கின. இடது கை மோதிர விரல் மட்டும், தனக்கும் இந்தக் கைக்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல நீட்டிக்கொண்டு நின்றது.

இந்த மாதிரி விரலை அவள் முன்பே பார்த்திருக்கிறாள். "இது சுளுக்கு இல்லடா. உள்ள தசைநார் அறுந்திருக்கு. இன்னிக்கே டாக்டரைப் பாக்கணும்."

"பாத்தா கத்தி வைக்கணும்பான். ஃபைனல் முடியட்டும்."

"நாள் ஆக ஆக அது உள்ளேயே சுருங்கிப் போயிடும். அப்புறம் ஸ்பேனர் பிடிக்க முடியாம உக்காந்திருப்ப."

"பக்கத்து விரலோட சேத்து டேப் போட்டா யாருக்கும் தெரியாது. அம்மாகிட்ட சொல்லாத. கோச்கிட்ட சொல்லவே சொல்லாத." அவன் குரல் இறங்கியது. "சொன்னேன்னு வச்சுக்கோ, எனக்கு அக்கான்னு ஒருத்தி இல்ல."

நடுவராகப் போனால் ஒரு பேச்சு, கொடி பிடிக்கிறவளுக்கு என்ன வந்தது என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு வண்டி எடுக்கக் கிளம்பிவிட்டாள். அன்றைக்கு முழுக்க கியர் மாற்றும்போதெல்லாம் தன் மோதிர விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஆட்டத்தன்று உடை மாற்றும் அறையில் தைல வாடை மூக்கைத் துளைத்தது. ஆட்டக்காரர்களின் பூட்ஸைச் சோதிப்பது கொடி பிடிப்பவர்களின் வேலை. வரிசையாக ஒவ்வொருவனும் காலைத் தூக்கிக் காட்ட, அவள் அடியில் உள்ள முட்களைத் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தாள். தம்பியின் முறை வந்தது. காலைக் காட்டினான். இடது கை முதுகுக்குப் பின்னால் இருந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்தான்.

"சரி" என்று சொல்லி அடுத்தவனிடம் நகர்ந்தாள்.

இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், ஓடிக்கொண்டிருந்த பல் டாக்டர் சுடப்பட்டு விழுந்தவர் மாதிரி சடாரென்று உட்கார்ந்தார். பின்னங்கால் சதை பிடித்துக்கொண்டது. எழுந்து நின்று பார்த்தார், முடியவில்லை. இன்னொரு கொடிக்காரன் இந்த வருஷம்தான் பயிற்சி முடித்த புதுசு. இறுதி ஆட்டத்தை அவன் கையில் கொடுப்பது ஓட்டத் தெரியாதவனை மலைப்பாதையில் ஏற்றுகிற மாதிரி. டாக்டர் இரண்டு கேப்டன்களையும் கூப்பிட்டார்.

"விசிலை இவகிட்ட குடுக்கப் போறேன். நீலத்துல இவ தம்பி ஆடுறான், எல்லாருக்கும் தெரியும். ஆட்சேபம் இருந்தா இப்பவே சொல்லிடுங்க. அப்புறம் வந்து நிக்கக் கூடாது."

சிவப்பு கேப்டனுக்குக் கதவு என்று பெயர். தோள் அகலம் அப்படி. அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "போன மாசம் எனக்கு மஞ்சள் காட்டினாங்க. ஏன்னு கேட்டேன், சொன்னாங்க. சரியாத்தான் இருந்துச்சு. ஊதட்டும்." சொல்லிவிட்டு அவள் பக்கம் வந்து தணிந்த குரலில், "ஒண்ணே ஒண்ணு. அக்காவை வெளியே நிறுத்திட்டு நீங்க மட்டும் உள்ள வாங்க" என்றான்.

அவள் விசிலை வாங்கிக்கொண்டாள். அவள் விட்டுப் போன கொடியை மாற்று ஆட்டக்காரன் ஒருவன் பிடித்துக்கொண்டான்.

சோதனை உடனே வந்தது. நீல அணிக்காரன் ஒருவன் பந்தோடு முட்டிக்கொண்டு போனான். சிவப்பு ஆள் பாய்ந்து மடக்கும்போது கையை விட்டுப் பந்தைத் தட்டினான். பந்து முன்னால் குதித்தது. பின்னாலேயே வந்த இன்னொரு நீலக்காரன் அதை அள்ளிக்கொண்டு கோட்டைத் தாண்டி விழுந்தான். "நாக்-ஆன்! நாக்-ஆன்!" என்று கேலரியே எழுந்து நின்றது. அவள் கையைத் தூக்கி ட்ரை கொடுத்தாள். நீலம் நாலு புள்ளி முன்னால்.

"இது அக்கா தம்பி ஆட்டம்டா! வீட்லயே ஆடிக்க வேண்டியதுதானே!" என்று யாரோ கத்தினான். சிரிப்பும் கூச்சலுமாக அது கேலரி முழுக்கப் பரவியது. கதவு அவளிடம் ஓடி வந்தான். முகம் சிவந்திருந்தது.

"பந்து முன்னாலதானே போச்சு?"

"போச்சு. தட்டினது உங்க ஆளோட கை. அவனா விடல. அது நாக்-ஆன் இல்ல."

அவன் ஒரு கணம் அவள் கண்ணையே பார்த்தான். பிறகு தன் ஆட்களைப் பார்த்து, "ஆடுங்கடா" என்றான். முடிவு சரிதான் என்று அவளுக்குத் தெரியும். அதற்கப்புறம் ஊதிய ஒவ்வொரு விசிலுக்கும் ஒரு பக்கம் ஊளையிட்டது. கேலரியின் மூலையில் அம்மா, யாருக்காகவும் கை தட்டாமல், கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நேரம் முடியப் போகிற வேளை. சிவப்பு அணி கோட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. பந்து கை மாறிக் கை மாறி வலது மூலைக்குப் போனது. அங்கே தம்பி ஒற்றை ஆள். எதிரே இரண்டு பேர். அவர்களில் உள்பக்கம் ஓடியவன் பந்தை மூலையில் ஓடியவனுக்கு எறிந்தான். அதைப் பிடித்தால் போதும், மூலைக்காரன் முன்னால் ஒரு குருவி கூட இல்லை.

தம்பி நடுவில் பாய்ந்தான். உடம்பு முழுக்க நீண்டது. இடது கை மட்டும் எட்டியது. பந்து விரல்களில் மோதி, துள்ளி, முன்னால் போய்ப் புல்லில் விழுந்து உருண்டது.

அவள் ஊதினாள்.

"ஸ்க்ரம்தான்! பிடிக்கப் போனான்!" என்று நீலம். "வேணும்னே தட்டினான்! வேணும்னே!" என்று சிவப்பு. இரண்டு பக்கமும் அவளைச் சுற்றி வந்துவிட்டது. அவள் அந்தப் பக்கத்துக் கொடிக்காரனைப் பார்த்தாள். அவன் உதட்டைப் பிதுக்கினான்.

உள்ளங்கை மேலே பார்த்திருந்தது. அதை அவள் தெளிவாகப் பார்த்தாள். கணக்குப்படி ஸ்க்ரம். நீலத்தின் ஸ்க்ரம் அன்றைக்கு முழுக்க மலை மாதிரி நின்றது; சிவப்பு அங்கிருந்து தேறுவது கடினம். ஸ்க்ரம் கொடுத்தால் தம்பி ஜெயிப்பான். ஊர் என்ன சொல்லும் என்பதும் தெரியும். ஊர் சொல்லும் என்பதற்காக வேறு கொடுத்தால் அதுவும் களவுதான்.

ஆனால் அவள் பார்த்தது உள்ளங்கையை மட்டும் அல்ல. டேப் சுற்றிய இரண்டு விரல்களும் பலகை மாதிரி விறைத்து நின்றதையும் பார்த்தாள். பந்து பட்டபோது அந்தக் கை மூடவில்லை. மூட முடியாது. எட்டிய கை அது ஒன்றுதான், அந்தக் கையால் அவனால் ஒரு பட்டனைக்கூடப் போட முடியாது. அவனுக்கு அது தெரியும். அவனுக்குத் தெரியும் என்பது இவளுக்குத் தெரியும். பிடிக்க நியாயமான வாய்ப்பு இருந்ததா என்று விதி கேட்கிறது. அந்த மைதானத்தில் அதற்குப் பதில் தெரிந்த நடுவர் அவள் ஒருத்திதான்.

அவள் கோல் கம்பங்களுக்கு நடுவே நடந்துபோய்க் கையை உயர்த்தினாள். பெனால்ட்டி ட்ரை.

சத்தம் காதை அடைத்தது. அவள் சட்டைப் பையிலிருந்து மஞ்சள் அட்டையை எடுத்தாள். தம்பி அசையாமல் நின்றான்.

"அக்கா! உள்ளங்கை மேலதானே பாத்துச்சு?"

மைதானத்தில் அவன் அவளை அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"பதினோராம் நம்பர், பத்து நிமிஷம் வெளியே" என்றாள்.

மிச்சமிருந்த கொஞ்ச நேரத்தில் ஒன்றும் நடக்கவில்லை. பந்து கைக்கு வந்ததும் கதவு அதை உதைத்து வெளியே தள்ளினான், ஆட்டம் முடிந்தது. மூன்று புள்ளியில் சிவப்பு ஜெயித்தது. நீல அணியின் ஆட்கள் இருந்த பக்கத்திலிருந்து தண்ணீர் பாட்டில் ஒன்று பறந்து வந்து அவள் காலடியில் விழுந்தது. அம்மா எழுந்து வந்து கம்பி வேலி ஓரமாக நின்றாள். மகளைத் தேற்றுவதா மகனைத் தேற்றுவதா என்று தெரியாமல், "ரெண்டு பிள்ளையும் ஒரே ஆட்டத்துல தோத்த மாதிரி இருக்குடி" என்றாள்.

நடுவர்களின் அறையில் பல் டாக்டர் காலை ஐஸ் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன பாத்தே?" என்றார்.

"விரல் மடங்கல சார்."

"உள்ளங்கை?"

"மேல பாத்துச்சு."

"அப்போ நான் ஸ்க்ரம் குடுத்திருப்பேன்." ஐஸைக் கொஞ்சம் நகர்த்தினார். "விரல் ஏன் மடங்கலைன்னு உனக்குத் தெரியுமா?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பட்டன் போட முடியாத காலை, டேப், பூட்ஸ் வரிசை.

"பிடிக்க முடியுமா முடியாதான்னுதான் விதி கேக்குது. உனக்கு எப்படித் தெரியும்னு அது கேக்கல" என்றார் கடைசியில். "அந்த முடிவைப் பத்தி எனக்கு ரெண்டு மனசா இருக்கு, நாளைக்கும் அப்படித்தான் இருக்கும். ஆனா அறுந்த விரலோட ஒருத்தன் உள்ள போறான்னு தெரிஞ்சும் பூட்ஸை மட்டும் பாத்துட்டு விட்டே பாரு, அதுல எனக்கு ஒரே மனசுதான். சங்கத்துக்கு நான் சொல்லட்டுமா, நீயே சொல்றியா?"

"நானே சொல்றேன் சார்."

சொன்னாள். அடுத்த பருவம் பாதி முடியும்வரை அவளுக்கு விசில் கிடையாது என்று முடிவு வந்தது.

ஆட்டத்துக்கு மறுநாள் காலையிலேயே டிப்போவுக்கு லீவு சொல்லிவிட்டு தம்பியின் அறை வாசலில் போய் நின்றாள். "கிளம்பு." அவன் முறைத்தான், ஆனால் கிளம்பினான். ஆஸ்பத்திரியில் டாக்டர் விரலை அழுத்திப் பார்த்துவிட்டு, தசைநார் உள்ளங்கை வரைக்கும் இழுத்துக்கொண்டு போய்விட்டது என்றார். முன்னாலேயே வந்திருந்தால் சுலபம், இப்போதும் தைக்கலாம், முழுசாக மடங்கும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. தம்பி தலையாட்டினான். அறுவை முடிந்து கையில் கட்டோடு வீட்டுக்கு வந்தான்.

அதற்கப்புறம் வீட்டில் மௌன விரதம். ஒரே மேஜையில் சாப்பிட்டார்கள், பேச்சு மட்டும் அம்மா வழியாகப் போனது. "தண்ணி பாட்டிலை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லும்மா." "அவன் கைக்கிட்டதான் இருக்குன்னு சொல்லும்மா." ஒருநாள் அம்மா தட்டை டங்கென்று வைத்து, "நான் என்ன ரெண்டு பேருக்கும் நடுவுல போஸ்ட்மேனா? கொண்டு போறதும் குடுக்கிறதும் நானேன்னா சம்பளம் குடுங்க" என்று கத்தினாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் ஒருவரை ஒருவர் பார்க்காமல் சிரித்தார்கள்.

கட்டு பிரித்த பிறகு விரலுக்குப் பயிற்சி கொடுக்க அவன் ஆஸ்பத்திரிக்குப் போய் வர வேண்டியிருந்தது. அவள் ஓட்டுகிற தடம் அந்த வழிதான். இத்தனை நாளும் அவளுடைய வண்டியை விட்டுவிட்டு அடுத்த வண்டியில் போனவன், ஒரு மத்தியானம் அவளுடைய வண்டியிலேயே ஏறி, ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவள் கண்ணாடியில் பார்த்தாள். கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கிப் போனார்கள். அவன் இறங்கவில்லை. ஆஸ்பத்திரி நிறுத்தம் எப்போதோ போய்விட்டிருந்தது.

"ஒண்ணு கேக்கணும்" என்றான்.

"கேளு."

"அந்த இடத்துல வேற எவனாவது இருந்திருந்தா என்ன குடுத்திருப்ப? உனக்குத் தெரியாத எவனோ ஒருத்தன். அதே கை, அதே டேப்."

அவள் இன்ஜினை நிறுத்தினாள். "ஸ்க்ரம்."

"அப்போ தம்பின்னுதான்..."

"ஆமா. வேற எவனா இருந்திருந்தா தெரியாம தப்பா குடுத்திருப்பேன். தெரிஞ்சதாலதான் உனக்குச் சரியா குடுத்தேன்."

இந்தப் பதிலை அவள் பல நாளாக மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள். சொன்னதும் நெஞ்சு லேசாகும் என்று நினைத்திருந்தாள். அவன் கையைத் தூக்கி விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாதி மடங்கியது, அதற்கு மேல் வரவில்லை.

"நீ நினைக்கிற மாதிரி இல்லக்கா" என்றான். "பாஸ் வந்தப்போ எனக்கு விரல் ஞாபகமே இல்ல. பிடிச்சிடுவேன்னுதான் பாஞ்சேன். சத்தியமா. பந்து பட்டு வலிச்சப்புறம்தான் அது நினைவுக்கே வந்துச்சு."

விதியைச் சொல்லலாம். அவன் என்ன நினைத்தான் என்பது ஒரு பக்கம், வாய்ப்பு நியாயமானதா என்பது இன்னொரு பக்கம் என்று பிரித்துக் காட்டலாம். சங்கத்தில் யாராவது கேட்டிருந்தால் மடமடவென்று சொல்லியிருப்பாள். ஆனால் கம்பங்களை நோக்கி நடந்தபோது அவள் தீர்மானித்தது வாய்ப்பை மட்டும் அல்ல, அவன் மனசையும்தான். தெரிந்தே தட்டினான் என்று தன் தம்பியைப் பற்றி முடிவு கட்டியிருந்தாள்.

புதுப் பயணிகள் ஏறத் தொடங்கினார்கள். பை வைத்த பெண்கள், பள்ளிச் சீருடைக் கூட்டம், தடியூன்றிய ஒரு பெரியவர். ஏறியவர்கள் எல்லாரும் வண்டி ஏன் இன்னும் கிளம்பவில்லை என்று முன்னால் எட்டிப் பார்த்தார்கள்.

"இப்போ அதே மாதிரி வந்தா? இதெல்லாம் தெரிஞ்சப்புறம்? என்ன குடுப்ப?" என்றான் அவன்.

அவள் ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள்.

"தெரியலடா" என்றாள்.

அவன் அவளை ஆச்சரியமாகப் பார்த்தான். பிறகு முகத்தைத் திருப்பி ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டான். இத்தனை நாளும் இறுகியிருந்த அவன் தோள் தளர்ந்து இறங்கியதை அவள் கண்ணாடியில் பார்த்தாள்.

"சரி, வண்டியை எடுக்கா" என்றான். "ஆஸ்பத்திரியில இறக்கி விடு. மறந்துட்டு நேரா ஓட்டிடாத, ஏற்கெனவே லேட்டு."